அட்லி அரசின் நலத்திட்டங்கள் பிரிட்டனுக்குத் தாங்கக்கூடிய சுமையாக இருந்தனவா?

மாறன்:
1945 ஜூலையில் 393 இடங்களுடன் ஆட்சிக்கு வந்த கிளமென்ட் அட்லியின் தொழிற்கட்சி அரசைப் போற்றுகிறவர்கள், அப்போதைய கருவூலத்தின் நிலையைப் பேசுவதில்லை. அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடன் பெற்று, போர்க்காலத்தில்கூட இல்லாத ரொட்டிப் பங்கீட்டை 1946-இல் கொண்டுவந்த அரசு, இரண்டே ஆண்டுகளில் அனைவருக்கும் இலவச மருத்துவம் தரும் தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கியது. ஆலைகளைப் புதுப்பிக்க வேண்டிய பணம் மூக்குக்கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் போனது. 1949-இல் பவுண்டின் மதிப்பு 4.03 டாலரிலிருந்து 2.80-க்கு இறக்கப்பட்டதை இதிலிருந்து பிரித்துப் பார்க்க முடியுமா?

இளவேனில்:
முடியும், பிரித்துத்தான் பார்க்க வேண்டும். பவுண்டை வீழ்த்தியது டாலர் பற்றாக்குறை, மருத்துவமனைகள் அல்ல. 1911-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் வேலைக்குப் போகிறவருக்கு மட்டுமே மருத்துவரை அளித்தது. அவருடைய மனைவிக்கும் குழந்தைகளுக்கும் அது பொருந்தவில்லை. ஆகவே தேசிய சுகாதாரச் சேவை தொடங்கிய 1948 ஜூலை 5-க்குப் பிறகு மருத்துவரிடம் திரண்ட கூட்டத்தை ஊதாரித்தனம் என்பது நியாயமன்று. பல ஆண்டுகளாகப் பொறுத்துக்கொள்ளப்பட்ட நோய்கள் அன்றுதான் மருத்துவரின் கண்ணில் பட்டன. செலவு கட்டுக்கடங்காமல் போகிறதா என்று ஆராயக் கன்சர்வேட்டிவ் அரசே அமைத்த கில்பாட் குழு, 1956-இல் அளித்த அறிக்கையில், தேசிய உற்பத்தியில் இச்சேவையின் பங்கு 1949-50-இல் இருந்த 3.75 விழுக்காட்டிலிருந்து 1953-54-இல் 3.25 ஆகக் குறைந்திருந்ததைக் காட்டியது.

மாறன்:
அந்தப் பங்கு தானாகக் குறையவில்லை, நண்பரே. 1951 வரவுசெலவுத் திட்டத்தில் பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் விதித்தவர் தொழிற்கட்சியின் நிதியமைச்சர் கெயிட்ஸ்கெல். இச்சேவையை உருவாக்கிய அனூரின் பெவனே அதை எதிர்த்துப் பதவி விலகினார். மறு ஆண்டு மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் கட்டணமும் வந்தது. புதிய மருத்துவமனைகளோ பெரும்பாலும் கட்டப்படவே இல்லை. பழைய கட்டடங்களுக்குப் பெயர்ப்பலகை மாற்றிய சிக்கனம் அது.

இளவேனில்:
1951-இல் பணம் தேவைப்பட்டது கொரியப் போரையொட்டிய ஆயுதக் குவிப்புக்கு. அதைச் சொல்லாமல் பல்செட்டை மட்டும் சொல்வது பாதிக் கணக்கு.

தணிகை:
இருவரும் மருத்துவமனை வாசலிலேயே நின்றுவிட்டீர்கள். எனக்குக் குறையாகத் தெரிவது காப்பீட்டுப் பகுதி. சமூகக் காப்பீட்டு அறிக்கையை எழுதிய பெவரிட்ஜ் 1942-இல் வகுத்தபடி, குறைந்த கூலி பெறுபவரும் நல்ல சம்பளக்காரரும் ஒரே அளவு சந்தா கட்டினார்கள். வருமானத்தோடு ஒப்பிட்டால் ஏழையின் மீதுதான் சுமை கூடுதல். தனி நபருக்கு வாரம் 26 ஷில்லிங் ஓய்வூதியம் வாடகைக்கும் உணவுக்கும் சேர்த்துப் போதாததால், முதியவர்கள் பலர் வருமானச் சோதனைக்கு உட்பட்ட தேசிய உதவியை நாட நேர்ந்தது. அந்த உதவியின் தேவை மெல்லக் குறைந்துவிடும் என்றுதான் பெவரிட்ஜ் எதிர்பார்த்தார்.

இளவேனில்:
சந்தாவைப் பற்றிய உங்கள் குறையை ஏற்கிறேன். ஆனால் சமூக ஆய்வாளர் ரவுண்ட்ரீ யார்க் நகரில் நடத்திய ஆய்வுகளில், 1936-இல் 31 விழுக்காடாக இருந்த தொழிலாளர் வறுமை 1950-இல் 3 விழுக்காட்டிற்கும் கீழே வந்தது.

தணிகை:
ஒரே நகரத்தின் கணக்கு அது. முழு வேலைவாய்ப்பின் பங்கையும் அதிலிருந்து கழிக்க வேண்டும். தவிர, மணமான பெண் குறைந்த சந்தா கட்டி, ஓய்வூதியத்துக்குக் கணவரின் சந்தாவையே நம்பியிருக்கும் ஏற்பாடு 1977 வரை புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கும் திறந்தே இருந்தது. அந்தப் பெண்கள் முதுமையில் பெற்ற தொகையை எந்தப் பத்தியில் எழுதப் போகிறீர்கள்?