ஐபிஏ-வில் (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) இருந்து தண்ணீரைப் பிரிக்க எந்த மெம்பரேன் (சவ்வு)? ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. மருந்துக் கம்பெனிகள் கரைப்பானாகப் பயன்படுத்திய ஐபிஏ-வை மீட்டுக் கொடுக்கும் சின்ன யூனிட் எங்களுடையது. காய்ச்சி வடித்தால் ஏறக்குறைய 88 சதவீதத்தில் நின்றுவிடுகிறது; அதற்கு மேல் தண்ணீரும் அதுவும் 80 டிகிரியில் சேர்ந்தே ஆவியாகின்றன. இதுவரை சைக்ளோஹெக்சேன் என்ற இன்னொரு கரைப்பானைச் சேர்த்துப் பிரித்தோம். தீப்பிடிக்கும் பயம், சரக்கில் தங்கும் மிச்சம், போதும் என்றாகிவிட்டது. மெம்பரேன் வழியாகத் தண்ணீரை மட்டும் ஆவியாக இழுத்துப் பிரிக்கும் பர்வேப்பரேஷனுக்கு மாற நினைக்கிறோம்.

சிக்கல் இதுதான்: சில லோடுகளில் லேசாக அமிலம் இருக்கும். சியோலைட்-ஏ என்ற கனிம வகை மெம்பரேனை அமிலம் அரித்துவிடும். பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) என்ற பாலிமர் மெம்பரேனோ தண்ணீர் அதிகமானால் ஊதிப்போய் ஐபிஏ-வையும் கசியவிடும். காஸ்டிக் சோடா போட்டு அமிலத்தை முறித்து, உப்பைக் கொதிகலத்திலேயே விட்டுவிட்டு, ஆவியை மட்டும் மெம்பரேனுக்கு அனுப்பலாமா? அப்படி ஓட்டியவர்கள் இருந்தால், மெம்பரேன் எத்தனை வருடம் தாங்கியது என்றும் சொல்லுங்கள். அடுத்த மாதம் ஆர்டர் கொடுக்க வேண்டும்.