துருப்புச் சீட்டு: எந்தத் துருப்பு?

கேள்வி:
தேர்தல் செய்திகளில் "கடைசித் துருப்புச் சீட்டை இறக்கினார்" என்று அடிக்கடி வருகிறது. துருப்பு என்றால் படைதானே? சீட்டாட்டத்தில் படை எப்படி வந்தது? இலங்கைத் தளங்களில் "துரும்புச் சீட்டு" என்று வருவது அச்சுப் பிழையா?

பதில் 1:
இரண்டும் வேறு வேறு சொற்கள். படையைச் சொல்லும் துருப்பு, ஆங்கில "ட்ரூப்". சீட்டுத் துருப்பு, டச்சு "த்ரூஃப்". மொழிமுதலில் "த்ர" நிற்காது, "ஃப்" நமக்கு "ப்பு" ஆகும், துருப்பு வந்துவிட்டது. சீட்டு இனங்களுக்கு நாம் சொல்லும் கிளாவர், ஆர்ட்டின் இரண்டும்கூட டச்சு "கிளாவர்", "ஹார்ட்டன்"தான். ஆங்கில வழி வந்திருந்தால் கிளப் என்றல்லவா சொல்லியிருப்போம்? மூலம் 15ஆம் நூற்றாண்டு இத்தாலியின் "த்ரியோன்ஃபி" ஆட்டம். வெற்றி என்று பொருள். ஆங்கில "ட்ரம்ப்" சீட்டும் அதே வேர்.

பதில் 2:
துரும்பு பிழையே அல்ல. போர்த்துக்கீசியத்தில் "த்ருன்ஃபு", சிங்களத்தில் "துரும்புவ". 1658இல் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தைப் பிடிக்கும்வரை அங்கே போர்த்துக்கீசியர் ஆட்சிதான். அந்த மூக்கொலி இன்னும் நிற்கிறது. வைக்கோல் துரும்போடு இதைச் சேர்க்க வேண்டாம்.

பதில் 3:
பொருள் பிடிபட ஆட்டத்தைப் பாருங்கள். ஈழத்தவர் ஆடும் 304 என்ற சீட்டாட்டத்தில் 32 சீட்டு. ஜாக்கி 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. எட்டுக்கும் ஏழுக்கும் புள்ளி இல்லை. ஓர் இனத்துக்கு 76, நான்குக்கும் சேர்த்து 304. கூடுதல் புள்ளி எடுப்பதாகக் கேட்டவர் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். அதன் இனமே துருப்பு. இறங்கிய இனம் கையில் இருந்தால் அதைத்தான் போட வேண்டும், இல்லாதபோதுதான் துருப்பைப் போட்டு வெட்டலாம். வெட்டும்போது துருப்பின் ஏழுகூட வேறு இனத்து ஜாக்கியைச் சாய்த்துவிடும்.

ஆகவே பெரிய சீட்டு என்பதல்ல பொருள். மறைத்து வைத்திருந்து, வேளை பார்த்து இறக்கி, ஆட்டத்தைத் திருப்பும் சீட்டு. "சிறுபான்மையினரைத் துருப்புச் சீட்டாக்கி ஏமாற்றினார்கள்" என்று எழுதுவது தவறு. அந்த இடத்துக்குப் பகடைக்காய்தான் பொருந்தும். எல்லோருக்கும் முன்பே தெரிந்த வாக்குறுதியையும் துருப்புச் சீட்டு என்று எழுதாதீர்கள்.