மீன் தொட்டியில் குறையும் தண்ணீருக்கு ஆர்.ஓ. (உப்பு நீக்கிய) தண்ணீர் ஊற்றலாமா?

வணக்கம். 60 லிட்டர் தொட்டி. கப்பி மீன்களும் நான்கு நத்தைகளும் இருக்கின்றன. வாரத்துக்கு ஒரு விரற்கடை தண்ணீர் ஆவியாகிவிடுகிறது. இதுவரை குளோரின் நீக்கிய குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்தேன். ஆவியாவது வெறும் நீர்தானே, உப்பெல்லாம் உள்ளேயே தங்கிவிடுகிறது. முன்பு 280 காட்டிய டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பை அளப்பது) இப்போது 460 காட்டுகிறது. கண்ணாடியில் நீர்மட்டம் நிற்கும் இடத்தில் வெள்ளைக் கோடு வேறு. நகத்தால் சுரண்டினாலும் லேசில் வருவதில்லை.

சரி, ஆவியாகிக் குறைவதை மட்டும் ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்பலாம் என்று நினைக்கிறேன். தண்ணீர் மாற்றும்போது மட்டும் பழையபடி குழாய்த் தண்ணீர்தான். அங்கேயும் ஆர்.ஓ. ஊற்றினால் கால்சியம் குறைந்து நத்தை ஓடு அரித்துப்போகுமே.

இப்படிச் செய்பவர்கள் சொல்லுங்கள்: தினமும் கொஞ்சமா, வாரம் ஒருமுறை மொத்தமாகவா? ஏறிப்போன 460-ஐ எத்தனை நாளில் இறக்கலாம்? ஒரு நத்தை இரண்டு நாளாக ஓட்டின் வாய் மூடியைத் திறக்கவே இல்லை, அதுதான் பயம்.