பாட்டி பீரோவில் மஞ்சக் கறை

குழு: ரங்கூன் வீடு

நான்: [படம்] பாட்டி பீரோவோட கீழ் டிராயர். நேத்து ராத்திரி வெள்ளை அடிச்சேன். காலைல எந்திரிச்சுப் பாத்தா இப்படி 😭

மெட்ராஸ் அத்தை: என்னடி, வெத்தலை எச்சில் துப்பின சுவரு மாதிரி இருக்கு

பெரியப்பா: யாரைக் கேட்டு அடிச்ச?

நான்: டிராயர் மட்டும்தான் பெரியப்பா. பீரோவைத் தொடல

பெரியப்பா: பர்மா தேக்கு அது. காரைக்குடிப் பக்கம் செட்டியார் வீட்டுத் தூணெல்லாம் இங்கேருந்து கப்பல்ல போன மரம். அதுக்குப் போயி சுண்ணாம்பு அடிக்கிறியே

நான்: சுண்ணாம்பு இல்ல, சாக் பெயின்ட்

தான்லின் சித்தப்பா: அப்ப அதுல சாக்பீஸால எழுதலாமா? பால் கணக்கு போட ஆகும் 😂

நான்: அது பிளாக்போர்டு பெயின்ட் சித்தப்பா, வேற. இது காஞ்சா பளபளப்பே இல்லாம சாக்கட்டி மாதிரி இருக்கும், அதான் அந்தப் பேரு. 1990ல இங்கிலாந்துல ஆனி ஸ்லோன்னு ஒரு அம்மா கொண்டுவந்தது. சுரண்ட வேணாம், பிரைமர் வேணாம், நேரா அடின்னுதான் வீடியோல சொன்னாங்க

தம்பி: அசல் டப்பாவா வாங்கின?

நான்: அந்த விலைக்கா! நானே கலக்கினேன். மூணு பங்கு எமல்ஷன், ஒரு பங்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். பவுடரைத் தண்ணில கரைச்சுட்டுதான் பெயின்ட்ல ஊத்தணுமாம். நான் நேரா கொட்டிட்டேன். மொகிங்கா மீன் குழம்புக்குக் கரைக்கிற கடலைமாவு திரிஞ்ச மாதிரி கட்டி கட்டியா நின்னுச்சு. மறுபடி கலக்கினா கரண்ட் போச்சு. மெழுகுவத்தி தேடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள டப்பாவுலயே இறுக ஆரம்பிச்சுடுச்சு. அவசர அவசரமா மூணு கோட்டு இழுத்தேன்

தம்பி: கால்சியம் கார்பனேட் பவுடர் போட்டுப் பாரு. அது இறுகாது

பெரியப்பா: அடிக்கிறதுக்கு முன்னாடி மரத்தை என்ன பண்ண?

நான்: பாலிஷ் அங்கங்க உரிஞ்சிருந்துச்சு. உப்புத்தாள் போட்டு நல்லா தேய்ச்சேன்

பெரியப்பா: அங்கதான் கெட்டுச்சு. பழைய பூச்சையும் சேத்து எடுத்துட்ட. தேக்குல எண்ணெய் இருக்கு, மரத்துச் சாயமும் இருக்கு. தண்ணில கலக்கின பெயின்ட் பட்டா சாயம் ஊறி மேல ஏறும். மூணு இல்ல, பத்து கோட்டு அடிச்சாலும் ஏறும்

நான்: இப்ப என்ன பண்றது?

பெரியப்பா: அரக்கு. ஸ்பிரிட்ல ஊற வச்ச அரக்கு. முதல்ல அது ரெண்டு கோட்டு. கறை அதைத் தாண்டி வராது. அதுமேல நீ எதை வேணா அடி

தம்பி: பகான்ல கிண்ணத்துக்குப் பூசறாங்களே, அதா?

பெரியப்பா: அது தித்சி. மரத்துல வடியற பாலு. இது பூச்சி கட்டற அரக்குடா. நம்ம ஆசாரிங்க கதவுக்கும் கட்டிலுக்கும் பஞ்சுல தொட்டுத் தேய்ப்பாங்களே, அது

பெரியப்பா: பீரோ பின்பக்கம் ஓரத்துல ஸ்பிரிட் நனைச்ச பஞ்சை வச்சுப் பாரு. பிசுபிசுத்தா பழைய பாலிஷும் அரக்குதான்

மெட்ராஸ் அத்தை: ஸ்பிரிட் கிட்ட மெழுகுவத்தியக் கொண்டு போகாதடி

நான்: பகல்தான் அத்தை 🙂

நான்: [படம்] ஒட்டுது பெரியப்பா! பஞ்சு நாரெல்லாம் பிடிச்சுக்கிச்சு, விரல்ல தேன் கலர்

பெரியப்பா: ம்

அக்கா: இப்பதான் டியூட்டி முடிஞ்சுது. சமையக்கட்டு ஸ்டூலையும் அடிக்கப் போறேன்னியே, அந்தப் பச்சை எனாமல் எந்தக் காலத்துது? பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கும். காஞ்ச உப்புத்தாள் போட்டுத் தேய்க்காத. நனைச்சுத் தேய், மாஸ்க் போடு, பாப்பாவ அந்தப் பக்கமே விடாத

நான்: சரிக்கா. ஸ்டூல் அப்புறம்தான்

சித்தி: மேல மெழுகு வேற பூசணுமாமே? இந்த மழையில எப்பக் காயறது

நான்: தொட்டா ஒட்டாம ஒரு நாள்ல ஆயிடும் சித்தி. நல்லா கெட்டிப்பட மூணு நாலு வாரம். அதுவரைக்கும் சூடா எதுவும் வைக்கக் கூடாது

தான்லின் சித்தப்பா: அப்ப நான் லப்பேயே டீ கிளாஸை எங்க வைக்கிறது

சித்தி: கையில

மெட்ராஸ் அத்தை: ஏண்டி, கதவு உள்பக்கம் அம்மா ஆயுத பூஜைக்கு வச்ச பொட்டு இருக்கா?

நான்: [படம்] இருக்கு அத்தை. வருஷா வருஷம் ஒண்ணு மேல ஒண்ணா வச்சதுல ரூபாத் துட்டு அளவுக்குப் பொருக்குக் கட்டிருக்கு. சந்தனம் வெடிச்சு நடுவுல குங்குமம் கறுப்பா தெரியுது

மெட்ராஸ் அத்தை: 64ல பர்மாவை விட்டுக் கப்பல் ஏற கிளம்பின அன்னிக்கு அந்தக் கதவைத் திறந்துதான் அம்மா எனக்குப் புடவை எடுத்துக் குடுத்தா. நகை நட்டே கொண்டு போக விடல, பீரோவுக்கு எங்க போறது. பொட்டு மேல பிரஷ் படக் கூடாது, சொல்லிட்டேன்

நான்: படாது அத்தை

பெரியப்பா: முன்பக்கமும் வேணாம். கறையான் அரிச்சுதுன்னு ரெண்டு பக்கமும் பிளைவுட் மாத்தினோம்ல, அதுல அடிச்சுக்க. அது தேக்கு இல்ல

நான்: நிஜமாவா? வாழைக்குருத்துப் பச்சை அடிக்கட்டுமா?

பெரியப்பா: என்ன பச்சையோ. டிராயர்ல இருக்கிறதைச் சுரண்டி வை, நான் வந்து பாலிஷ் போடறேன். அரக்கு என்கிட்ட கிடக்கு, ஸ்பிரிட் நீ வாங்கு

நான்: ஞாயித்துக்கிழமை வர்றீங்களா?

பெரியப்பா: மழை பெய்யற அன்னிக்கு அரக்கு போட்டா வெள்ளை பூத்துடும். வெயில் அடிச்சா வரேன்

தான்லின் சித்தப்பா: ஆவணியிலயா? அப்ப தீபாவளிக்குதான்