புதுப்பிப்பு: அண்ணன் மகளின் விண்ணப்பமும் அந்த இங்கிலீஷ் வாக்கியமும்

பாளையங்கோட்டையில் இருக்கும் அண்ணன் மகள், டவுண் மருந்துக்கடையில் பார்த்த வேலையை 'செக்கிங் பில்ஸ், டு மெயின்டெய்ன் ஸ்டாக் அண்ட் கஸ்டமர் கால்ஸ்' என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தாள், எங்கே இடிக்கிறது என்று போன வாரம் இங்கே கேட்டிருந்தேன் இல்லையா. வரிசையாக அடுக்குபவை எல்லாம் ஒரே வடிவத்தில் இருக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னபடி மூன்றையும் 'இங்' வடிவத்துக்குக் கொண்டுவந்தாயிற்று: செக்கிங் பில்ஸ், மெயின்டெய்னிங் ஸ்டாக், ஆன்ஸரிங் கால்ஸ்.

அடுத்த வரிதான் படுத்திவிட்டது. 'ஐ நாட் ஒன்லி ஹேண்டில்ட் பில்லிங் பட் ஆல்ஸோ ஸ்டாக்.' நாட் ஒன்லிக்குப் பின்னால் வினைச்சொல் நிற்கிறது, பட் ஆல்ஸோவுக்குப் பின்னால் வெறும் பெயர்ச்சொல். ஹேண்டில்டை முன்னால் தள்ளி, 'ஐ ஹேண்டில்ட் நாட் ஒன்லி பில்லிங் பட் ஆல்ஸோ ஸ்டாக்' என்றால் இரண்டு பக்கமும் பெயர்ச்சொல், சரியாகிவிடும். ஐதர்-ஆர், போத்-அண்ட் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். "பேசும்போது யாரு சித்தப்பா இதப் பாக்கா?" என்றாள். பேச்சில் பார்க்கமாட்டார்கள்தான், விண்ணப்பத்தில் கண்ணில் படும்.

இங்கே பதில் சொன்ன ஒருவர், அமெரிக்க அதிபர் லிங்கன் 1863-ல் கெட்டிஸ்பர்க்கில் பேசிய 'ஆஃப் த பீப்பிள், பை த பீப்பிள், ஃபார் த பீப்பிள்' வரியைக் காட்டியிருந்தார். நல்ல உதாரணம், ஆனால் அதைப் படித்ததிலிருந்து இவள் எல்லாவற்றையும் மூன்று மூன்றாக அடுக்க ஆரம்பித்துவிட்டாள். 'ஃப்ளூயன்ட் இன் தமிழ், இங்கிலீஷ் அண்ட் எக்செல்' என்று ஒன்று! இலக்கணப்படி மூன்றும் பெயர்ச்சொல்தான், குறை சொல்ல முடியாது, இருந்தாலும் எக்செல் என்ன மொழியா? அதைத் தனி வரிக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். நாளை அனுப்புகிறாள்.