ஜெயகாந்தன் நாவல்கள்: ஒரு முழுப் பிரதியும் ஒரு யோசனையும் தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். கடலூரில் நாங்கள் சிலர், 1934இல் இதே ஊரில் பிறந்த ஜெயகாந்தனின் நாவல்களை, ஒருவரின் அடையாளத்தைச் சமூகம் தீர்மானிக்கலாமா என்ற கேள்வியை முன்வைத்து மாதம் ஒன்றாக வாசித்து வருகிறோம். 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், அந்நியன் ஒருவனால் கெடுக்கப்பட்டு மழையில் நனைந்து வரும் மகளின் தலையில் தண்ணீர் ஊற்றி அவள் தூய்மையானவள்தான் என்று தாய் தேற்றுகிறாள். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் அதே நிலைக்கு ஆளாகும் கங்காவையோ அவள் வீடே ஒதுக்கிவிடுகிறது. 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்நாவலைப் பேசி முடித்துவிட்டோம் (சண்டையிட்டு முடித்தோம் என்பதே பொருந்தும்).

அடுத்தது 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்'. வளர்ப்புத் தந்தையின் கிராமத்தைத் தேடி வந்து, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கும் ஹென்றியை எந்தச் சாதியிலும் அடைக்க முடிவதில்லை. ஆயினும் ஊர் அவனை ஏற்றுக்கொள்கிறது. என் பிரதியின் கடைசி முப்பது பக்கங்களைக் கரையான் அரித்துவிட்டது. முழுப் பிரதி வைத்திருப்பவர் இரண்டு வாரங்களுக்கு இரவல் தந்தால், அட்டை போட்டே திருப்பித் தருவேன். கங்காவையும் ஹென்றியையும் ஒரே அமர்வில் ஒப்பிடுவது தகுமா என்பதையும் படித்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.