உஸ்பெகிஸ்தான்: 1931 பிறப்புப் பதிவு "இல்லை" என்று பதில் வந்துவிட்டது, இனி எங்கே தேடுவது?

கேள்வி

வணக்கம். என் மனைவியின் தாய்வழித் தாத்தாவுடைய பிறப்புப் பதிவைத் தேடுகிறோம். பெர்கானாப் பள்ளத்தாக்கில், இன்றைய நமங்கான் மாகாணத்தில் ஒரு கிராமம். குடும்பப்பெயர் காதிரோவ். கையில் இருப்பது 1950-களில் வாங்கிய பிறப்புச் சான்றிதழின் மங்கிய நகல் ஒன்று, அதில் பிறந்த ஆண்டு 1931. கூடவே 1963-இல் பிறந்த சித்தியின் சான்றிதழும் இருக்கிறது. மாவட்டப் பதிவகத்துக்கு எழுதினோம். 1931-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் அப்படிப் பதிவு இல்லை என்றார்கள். சித்தியின் சான்றிதழில் ஆண்டிஜான் மாகாணம் என்றிருக்கிறது, ஆனால் குடும்பம் ஊர் மாறியதே இல்லை. தாத்தாவின் அப்பாவைப் பற்றியும் தெரிய வேண்டும். எங்கே தவறுகிறோம்?

பதில் 1

பிறந்த ஆண்டை வைத்துத் தேடச் சொன்னதுதான் தவறு. சோவியத் பிறப்புச் சான்றிதழில் மூன்று தேதிகள் இருக்கும்: பிறந்த நாள், பதிவேட்டில் எழுதிய நாள், சான்றிதழ் கொடுத்த நாள். நடுவில் உள்ளதுதான் உங்களுக்கு வேண்டியது. "இன்ன ஆண்டு, இன்ன மாதம், இன்ன தேதி, இன்ன எண்ணில் பதியப்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். பதிவுகள் அந்தத் தேதிக்குரிய புத்தகத்தில்தான் கிடக்கும். எண்ணும் ஒவ்வொரு ஆண்டும் 1-இலிருந்து தொடங்கும்.

1930-களில் கிராமங்களில் குழந்தை பிறந்த கையோடு பதிந்தவர்கள் குறைவு. பள்ளியில் சேர்க்கவோ வேறு காகிதத்துக்கோ தேவைப்பட்டபோதுதான் ஸாக்ஸுக்கு (பிறப்பு, இறப்பு, திருமணம் பதியும் அலுவலகம்) போனார்கள். ஆகவே 1931-இல் பிறந்தவரின் பதிவு 1938 புத்தகத்திலோ 1946 புத்தகத்திலோ இருப்பது சாதாரணம். பிறந்த தேதியே தோராயமாகச் சொல்லி எழுதியதாகவும் இருக்கலாம். ஜனவரி 1, மே 1 போன்ற தேதி கண்ணில் பட்டால் அதை நம்பிவிடாதீர்கள்.

சான்றிதழின் மேலே ரஷ்ய மொழியில் "பவ்தோர்னயே" என்று முத்திரை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது மறுபிரதி. கொடுத்த ஆண்டும் பதிவான ஆண்டும் வேறு வேறு என்பது அங்கேயே உறுதியாகிவிடும்.

பதில் 2

சித்தியின் சான்றிதழில் பிழை எதுவும் இல்லை. ஊர் நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது. 1931-இல் உஸ்பெக் சோவியத் குடியரசில் மாகாணங்களே கிடையாது, மாவட்டங்கள் நேராகக் குடியரசின் கீழ் இருந்தன. 1938 ஜனவரியில் மாகாணங்கள் வந்தபோது உங்கள் பகுதி பெர்கானா மாகாணத்தில் சேர்ந்தது. 1941 மார்ச்சில் நமங்கான் தனி மாகாணமானது. 1960-இல் அதைக் கலைத்துப் பெரும்பகுதியை ஆண்டிஜானோடு இணைத்தார்கள், 1967 டிசம்பரில் திரும்பவும் பிரித்தார்கள். 1963 பிறப்பு ஆண்டிஜான் என்று இருப்பது அதனால்தான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், பதிவுகள் இரண்டு பிரதிகளாக எழுதப்பட்டன. ஒன்று மாவட்ட ஸாக்ஸில் தங்கும், மற்றது மாகாண ஸாக்ஸ் காப்பகத்துக்குப் போகும். மாவட்டப் பிரதி தொலைந்திருந்தாலும் மாகாணப் பிரதி கிடைக்க வாய்ப்பு உண்டு. பதிவான ஆண்டு 1939 என்று தெரிய வந்தால் நமங்கானோடு நிறுத்திக்கொள்ளாமல் பெர்கானாவிலும் கேளுங்கள். மாவட்டங்களும் 1960-களின் தொடக்கத்தில் ஏராளமாக இணைக்கப்பட்டன, கிராமத்தின் அன்றைய மாவட்டம் எது என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஸாக்ஸ் என்று ரஷ்ய மொழியில் சொல்வதைத்தான் இன்று உஸ்பெக்கில் எஃப்.எச்.டி.யோ என்கிறார்கள். விண்ணப்பத்தில் அந்தப் பெயரையே எழுதுங்கள்.

பதில் 3

காதிரோவ் என்ற பெயரில் ஒரு பொறி இருக்கிறது. ரஷ்ய எழுத்தில் அது சாதாரண "க"-வில் தொடங்கும், அகரவரிசையின் நடுவில் வரும். உஸ்பெக் சிரில்லிக்கில் (ரஷ்ய எழுத்துமுறையை ஒட்டிய உஸ்பெக் எழுத்தில்) அடித்தொண்டை "க"-வுக்குத் தனி எழுத்து உண்டு. உஸ்பெக்குக்கென்று சேர்த்த நான்கு எழுத்துகளும் அகரவரிசையின் கடைசியில்தான் வரும். பெயர்ச் சுட்டியில் நடுவில் பார்த்துவிட்டு மூடிவைத்திருந்தால் பெயர் கண்ணில் பட்டிருக்காது. ஜோராயெவ் போன்ற பெயர்களிலும் இதே சிக்கல். உஸ்பெக்கில் ஒரே எழுத்தில் தொடங்குவதை ரஷ்யர்கள் "ட்" சேர்த்து இரண்டு எழுத்தாக எழுதுவார்கள், அது வேறு பக்கத்துக்குப் போய்விடும்.

எழுத்துமுறையும் ஆண்டுக்கு ஏற்ப மாறும். 1920-களின் கடைசி வரை அரபு எழுத்து, அதன்பின் 1940 வரை லத்தீன், பிறகு சிரில்லிக். அந்தப் பழைய லத்தீனும் இன்று புழங்கும் லத்தீனும் ஒன்றல்ல. 1940-க்கு முந்தைய பதிவின் நகல் கைக்கு வந்தால், படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிய பிறகே மொழிபெயர்ப்புக்குக் கொடுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. நகலைப் பெரிதாக்கிப் பார்த்தோம். பதிவு எண் தெரிகிறது. ஆண்டு "193" வரை தெளிவு, கடைசி இலக்கம் அழிந்திருக்கிறது. தாத்தாவின் அப்பாவையும் காதிரோவ் என்ற பெயரில்தான் தேட வேண்டுமா?

பதில் 1

எண் கிடைத்ததே பெரிய விஷயம். 1931 முதல் 1939 வரை ஒன்பது புத்தகங்கள்; ஒவ்வொன்றிலும் அந்த எண்ணைப் பார்த்தால் போதும். விண்ணப்பத்தில் "1931–1939 பதிவுகள், எண் இன்னது" என்று கொடுங்கள். கேட்கும்போது சான்றிதழ் மட்டும் கேட்காதீர்கள், பதிவின் நகலையோ அதன் முழு விவரத்தையோ கேளுங்கள். சான்றிதழில் பெற்றோர் பெயர் அளவில்தான் இருக்கும். பதிவில் அவர்களின் வயது, வேலை, வசித்த இடம் என்று கூடுதலாகக் கிடைக்கலாம்.

இம்முறையும் இல்லை என்று சொன்னால், எந்தெந்த ஆண்டுப் புத்தகங்களில் தேடினார்கள் என்று எழுத்துப்பூர்வமாக வாங்குங்கள். அந்த அறிவிப்பு இருந்தால்தான் அடுத்த காப்பகத்தில் பேச முடியும்.

பதில் 3

அப்பாவைக் காதிரோவ் என்று மட்டும் தேட வேண்டாம். அந்தத் தலைமுறையில் அப்பாவின் பெயரோடு "ஓவ்" சேர்த்துக் குடும்பப்பெயர் ஆக்கிய வழக்கம் பரவலாக இருந்தது. காதிர் என்பவரின் மகன் காதிரோவ். அப்படியானால் காதிர் என்பது தாத்தாவின் அப்பாவுடைய சொந்தப் பெயராக இருக்கலாம். அவருக்குக் குடும்பப்பெயர் அவருடைய அப்பாவின் பெயரிலிருந்து வந்திருக்கும். தாத்தாவின் தந்தைவழிப் பெயரும் (அப்பாவின் பெயரிலிருந்து வரும் நடுப்பெயர்) காதிரோவிச் என்றிருந்தால் இது ஏறக்குறைய உறுதி.

அவர் 1900-ஐ ஒட்டிப் பிறந்திருந்தால் பிறப்புப் பதிவைத் தேடி நாளை வீணாக்காதீர்கள். துருக்கிஸ்தானில் (ரஷ்யப் பேரரசின் கீழிருந்த மத்திய ஆசியாவில்) ரஷ்யத் தேவாலயங்களுக்குப் பிறப்பு-இறப்பு ஏடுகள் இருந்தன. உள்ளூர் முஸ்லிம்களுக்கு அப்படி ஒழுங்கான ஏடு இருக்கவில்லை. ரஷ்யப் பேரரசின் வேறு பகுதி முஸ்லிம்களுக்கான ஓரன்பூர்க் முஸ்லிம் சபை தன் எல்லைக்குள் நடத்திய ஏட்டுமுறை இங்கே வரவில்லை. அவருடைய இறப்புப் பதிவையும், 1930-களின் நடுவிலிருந்து கிராம சோவியத்துகள் (கிராம நிர்வாக மன்றங்கள்) எழுதிவந்த குடும்ப ஏட்டையும் தேடுங்கள். ஒரே வீட்டில் இருந்த எல்லோரும், பிறந்த ஆண்டோடும் உறவுமுறையோடும் அதில் வரிசையாக வருவார்கள். அது ஸாக்ஸில் இருக்காது, அரசுக் காப்பகத்தில் கேட்க வேண்டும். அவர் போருக்குப் போயிருந்தால் "பாம்யத் நரோதா" என்ற ரஷ்ய இணையத் தரவகத்தில் எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள். ஊரும், ஆள்சேர்ப்பு அலுவலகமும், சில நேரம் மனைவி பெயரும் கிடைக்கும்.

பதில் 2

காகிதங்கள் பற்றி ஒரு வார்த்தை. உறவைச் சங்கிலியாக நிரூபிக்க வேண்டும்: மனைவியின் பிறப்புச் சான்றிதழ், மாமியாரின் பிறப்புச் சான்றிதழ், இருவரின் திருமணச் சான்றிதழ்கள். பெண்களின் குடும்பப்பெயர் மாறும் இடத்தில் திருமணச் சான்றிதழ் விட்டுப்போனால் சங்கிலி அறுந்துவிடும், பெரும்பாலான விண்ணப்பங்கள் திரும்புவது அங்கேதான். மனைவிக்குப் பதில் நீங்கள் விண்ணப்பிப்பதானால் அவர் கையெழுத்திட்ட நோட்டரி அதிகாரப் பத்திரம் வேண்டும். உஸ்பெகிஸ்தான் 2012 ஏப்ரலிலிருந்து அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு இடும் சான்று) ஏற்கிறது, ஆகவே இந்தியாவில் எழுதிய பத்திரத்துக்கு அப்போஸ்டிலும் மொழிபெயர்ப்பும் சேருங்கள். அங்கே போக முடியாவிட்டால் டெல்லியிலுள்ள உஸ்பெகிஸ்தான் தூதரகத்தின் கான்சுலர் பிரிவில், ஸாக்ஸ் ஆவணம் வரவழைத்துத் தரும் சேவை பற்றிக் கேளுங்கள்.